வகுப்பறையில் விளையாட்டுப் பொருள்: தடை விதிப்பது தகுமா?

பாடம் நடைபெறும் வேளையில் மாணாக்கர் கையில் விளையாட்டுப் பொருள் இருக்கலாமா என்னும் வினா புதியதன்று. பம்பரமும் கோலிக்குண்டும் சட்டைப்பையில் ஒளிந்திருந்த காலத்திலேயே ஆசிரியர்கள் இதற்கு விடை காண வேண்டியிருந்தது. பின்னர்ப் படச்சீட்டுகள் வந்தன. அவற்றின் பின் பொத்தானை அழுத்தி ஆடும் சிறு மின் விளையாட்டுகள் வந்தன. பொருள் மாறினாலும் ஆசிரியரின் சங்கடம் மாறவில்லை.

எனினும் அண்மைக் காலத்தில் இவ்வினா வேறொரு வடிவம் பெற்றுள்ளது. முன்பெல்லாம் பொம்மை, பொம்மையாகவே விற்கப்பட்டது. இப்பொழுதோ சில பொம்மைகள் ‘குழந்தையின் கவனத்தை வளர்க்கும் சாதனம்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இக்கூற்று மெய்யாயின், அவற்றைத் தடை செய்யும் ஆசிரியர் ஒரு குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உதவியை மறுத்தவராவார். பொய்யாயின், அவற்றை அனுமதிக்கும் ஆசிரியர் வகுப்பு முழுவதன் படிப்பையும் கெடுத்தவராவார். ஆகவே தடை விதிக்கு முன்பும், தளர்த்து முன்பும், விஞ்ஞானம் இது குறித்து என்ன கூறுகின்றது என்று அறிதல் அவசியமாகும்.

சுழலி வந்த வரலாறு

2017-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ‘ஃபிட்ஜெட் ஸ்பின்னர்’ என்னும் விரற்சுழலி உலகெங்கும் பரவியது. நடுவில் ஒரு பால் பேரிங், அதனைச் சுற்றி மூன்று கைகள். நடுப்பகுதியை இரு விரல்களால் பிடித்துக்கொண்டு கைகளைத் தட்டிவிட்டால் அது நெடுநேரம் சுழலும். இதன் அமைப்பு இவ்வளவே. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பள்ளிகள் சில வாரங்களுக்குள்ளேயே இதற்குத் தடை விதித்தன. அவ்வாண்டிலேயே ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள், பாதுகாப்பு விதிகளுக்கு மாறான 35 டன் சுழலிகளைக் கைப்பற்றினர். நம் நாட்டு நகரங்களின் கடைவீதிகளிலும் அவை குவிந்தன.

மனப்பதற்றம், கவனக் குறைவு ஆகியவற்றை இச்சுழலி போக்கும் என்று விற்பனையாளர் விளம்பரம் செய்தனர். ஆயின் 2017-இல் குழந்தை மருத்துவ ஏடு ஒன்றில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, இவ்விளம்பரத்தை மெய்ப்பிக்கத்தக்க ஆராய்ச்சி எதுவும் அதுகாறும் நடைபெறவில்லை என்று சுட்டிக்காட்டிற்று. பொருள் முதலில் வந்தது. பரிசோதனை பின்னரே வந்தது.

பரிசோதனைகள் காட்டியவை

அமெரிக்காவில் கவனக் குறைவும் மிகையான துறுதுறுப்பும் உள்ள சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2018-இல் வெளியாயிற்று. வகுப்பில் சுழலியைக் கையில் கொடுத்தபோது தொடக்கத்தில் அக்குழந்தைகளின் உடல் அலைவு குறைந்தது. இதனை மட்டும் கண்ட ஆசிரியர், ‘குழந்தை அடங்கிவிட்டது, சாதனம் பயன் தருகின்றது’ என்றே எண்ணியிருப்பார். ஆயின் கவனம் பாடத்தை விட்டு விலகிய தடவைகளைக் கணக்கிட்டபோது, அவை மிகுந்திருந்தன. குழந்தை அசையாதிருந்ததற்குக் காரணம் பாடமன்று, சுழலியே.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் இருவர் 2020-இல் வெளியிட்ட முடிவுகளும் இதனையே வலியுறுத்துகின்றன. திரையில் ஒரு பாடத்தைக் கண்டவர்களுள், சுழலியைச் சுழற்றிக்கொண்டிருந்தோர் மற்றவரைவிடக் குறைவாகவே நினைவு கூர்ந்தனர். சுழலியைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கொண்டிருந்தவர்களிடமும் இக்குறைவு காணப்பட்டது. ஆகவே ‘எனக்கு இது உதவுகின்றது’ என்று ஒருவர் நம்புவதும், அது உண்மையில் உதவுவதும் வெவ்வேறு என்பது தெளிவாகின்றது.

இதற்குக் காரணம் யாது? நம் கண்ணின் ஓரப்பகுதி நுட்பமான வடிவங்களைத் தெளிவாகக் காண இயலாது. ஆயின் அசைவை உடனே உணர வல்லது. ஓரத்தில் ஏதேனும் அசைந்தால் பார்வை தானே அப்பக்கம் திரும்பும். சுழலும் பொருள், வைத்திருப்பவனை மட்டுமன்றி, அருகில் அமர்ந்துள்ள நால்வரின் கண்களையும் கரும்பலகையிலிருந்து பறிக்கின்றது. அதன் ஓசை காதுக்கும் எட்டுகின்றது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் நெருங்கி அமர்ந்திருக்கும் பள்ளியில் ஒரு சுழலி செய்யும் இடையூறு ஒரு பிள்ளையோடு நிற்பதில்லை.

அசைவே குற்றமாகுமா?

இவற்றைப் படித்தவர், கைகளை அசைக்காமல் அமர்ந்திருப்பதே நல்ல மாணாக்கனின் இலக்கணம் என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. வேறு சில ஆராய்ச்சிகள் மறுபக்கத்தையும் காட்டுகின்றன.

பிரிட்டனில் பிளிமத் பல்கலைக்கழகத்து உளவியலார் ஒருவர், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றை நாற்பது பேரைக் கேட்கச் செய்தார். அவருள் பாதிப் பேர் கேட்கும்பொழுதே தாளிலிருந்த சிறு கட்டங்களையும் வட்டங்களையும் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தனர். பின்னர் வினவியபோது, கை வேலை செய்தவர்கள் மற்றவரைவிட 29 சதவீதம் மிகுதியாக நினைவு கூர்ந்தனர். சிந்தனை தேவையற்ற சிறு கைவேலை, மனம் பகற்கனவில் அலைந்து செல்லாமல் அதனைப் பிடித்து வைத்தது போலும்.

கவனக் குறைவுடைய 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், கேட்டதை மனத்தில் தாங்கிக் கணக்கிட வேண்டிய கடினமான வேலைகளின்போது அச்சிறுவர்களின் உடல் அசைவு மிகுவதைக் கண்டனர். 2015-இல் வெளியான தொடர் ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. அச்சிறுவர்கள் மிகுதியாக அசைந்தபொழுது விடைகள் நன்றாக அமைந்தன. அக்குறைபாடு இல்லாத சிறுவர்களிடமோ, அசைவு மிகுந்தபொழுது விடைகள் கெட்டன. ஒரே செயல் ஒரு பிள்ளைக்குத் துணையாகவும் மற்றொரு பிள்ளைக்குத் தடையாகவும் இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

‘கையைக் கட்டு, அசையாதே’ என்ற கட்டளையின் பொருளை இங்கு நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அசைந்தால்தான் சிந்திக்க இயலும் என்ற நிலையிலுள்ள பிள்ளை, அக்கட்டளைக்குப் பணிவதிலேயே தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டுவிடுகின்றான். பாடத்திற்கு எஞ்சுவது சிறிதே. அவனை நாம் மந்தன் என்று பதிவேட்டில் குறித்துவிடுகின்றோம்.

வேறுபாடு எங்கே உள்ளது?

மேற்கண்ட முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினும், உற்று நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். சுழலி கண்ணைக் கேட்கின்றது. எவ்வளவு நேரம் சுழலும், எவ்வளவு வேகம் என்று மனத்தையும் கேட்கின்றது. பென்சிலால் கட்டத்தை நிரப்புதல், சிறு ரப்பர்ப் பந்தை மேசைக்கடியில் அழுத்துதல், காலை மெல்ல ஆட்டுதல் ஆகியவை கண்ணையும் மனத்தையும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆகவே ‘இது பொம்மையா, அன்றா’ என்று வினவுவதைவிட, ‘இது எதனைக் கேட்கின்றது’ என்று வினவுவதே பொருத்தமாகும். தடை விதிப்பதற்கு இதுவே தக்க அளவுகோல்.

சட்டமும் நமக்கு இருபுறத்து எல்லைகளை வகுத்துள்ளது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில், குழந்தைக்கு உடல் தண்டனையும் மனத்துன்பமும் தருதலை விலக்குகின்றது. ஆதலின் பொருளைப் பறித்து உடைத்தல், வகுப்பின் முன் நிறுத்தி இகழ்தல் முதலியவற்றிற்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, குறைபாடுள்ள குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைப் பள்ளி செய்து தர வேண்டும் என்கின்றது. அத்தகைய குழந்தைக்கு மருத்துவரோ சிறப்பாசிரியரோ ஒரு பொருளைப் பரிந்துரைத்திருப்பின், பொதுத் தடையைக் காட்டி அதனை மறுத்தல் முறையாகாது.

பொம்மையே பாடமாகும் வேளை

கேட்கும் வேளையில் இடையூறாகும் பொருளே, ஆராயும் வேளையில் அரிய கருவியாகலாம். பாவ்நகரில் 1920-இல் குழந்தைப் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேகா, விளையாட்டைப் படிப்பின் பகையாகக் கருதவில்லை. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடைபெற்ற விஞ்ஞானக் கல்வித் திட்டம், மலிவான பொருள்களைக் கொண்டு மாணாக்கரே பரிசோதனை செய்யும் முறையைப் பரப்பியது. அங்குத் தம் பணியைத் தொடங்கிய பொறியியலாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் குழாயும் கொண்டு வடிவியல் கற்பிக்கும் பொம்மைகளைச் செய்து காட்டினார். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு பொம்மை வழிக் கல்விக்கு ஒரு கையேடு வெளியிட்டுள்ளது. 3 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கென ‘ஜாதூயி பிடாரா’ என்னும் கல்விப் பொருள் பெட்டி 2023-இல் வெளியிடப்பட்டது.

பறிக்கப்பட்டு மேசை அறையில் கிடக்கும் சுழலியைக் கொண்டே ஒரு பௌதிக வகுப்பு நடத்தலாம். அதனை ஐந்து முறை சுழற்றி, நிற்கும்வரை ஆகும் விநாடிகளைக் குறித்துச் சராசரி காணச் செய்யுங்கள். பின்னர்ச் சம அளவுள்ள களிமண் உருண்டைகளை மூன்று கைகளிலும் நடுவுக்கு அருகில் ஒட்டி, ஒரே அளவான விசையோடு தட்டிச் சுழற்றுக. அவ்வுருண்டைகளையே கைகளின் நுனிக்கு மாற்றி மீண்டும் சுழற்றுக. எடை ஒன்றே, இடம் மட்டும் மாறியது, எனினும் சுழற்சி மாறுகின்றது. நுனியில் எடை இருக்கும்பொழுது சுழற்றத் தொடங்குவதும் கடினம், நிறுத்துவதும் கடினம். நிலைமத் திருப்புத்திறன் என்ற சொல்லைப் பின்னர்க் கூறினால் போதும். அதன் பொருள் மாணாக்கரின் விரல்களுக்கு முன்னரே தெரிந்துவிடும்.

சுழலும்பொழுதே அதனைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்கள் ஓர் எதிர்ப்பை உணரும். பம்பரம் விழாமல் நிற்பதன் விளக்கமும் இத்துறையைச் சார்ந்ததே. சுழற்சக்கரங்களைக் கொண்டே விண்ணிலுள்ள செயற்கைக் கோள்கள் வேண்டிய திசையை நோக்கித் திருப்பப்படுகின்றன என்று கூறினால், எந்தப் பிள்ளை செவி சாய்க்க மாட்டான்? ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் பௌதிக நிலையம் ஒன்று திறக்கப்பட்டபோது, நீல்ஸ் போரும் வுல்ஃப்காங் பௌலியும் குனிந்து நின்று, தலைகீழாகப் புரளும் பம்பரம் ஒன்றை உற்று நோக்கும் புகைப்படம் புகழ் பெற்றது. நோபல் பரிசு பெற்ற இருவருக்குப் பொருத்தமான பொம்மை நம் மாணாக்கருக்குப் பொருந்தாமல் போகாது.

பாதுகாப்பு

ஒரு வகையில் மட்டும் தளர்வுக்கு இடமில்லை. எளிதில் கழன்று வரும் சிறு பகுதிகள் குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். ஒளிரும் பொம்மைகளிலுள்ள பொத்தான் போன்ற மின்கலம் மிகவும் அபாயகரமானது. விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நம் நாட்டில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்ற ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. களப் பணியாளர்கள் பெற்றோரைச் சந்திக்கும்பொழுது இம்முத்திரையைக் காட்டி விளக்குதல் நலம்.

செய்யத்தக்கவை

பள்ளிகளும் களப் பணியாளரும் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்:

1. கண்ணையும் காதையும் கவரும் பொருள்களைப் பாட வேளையில் விலக்குக. இவ்விதியை ஆண்டின் தொடக்கத்திலேயே, காரணத்தோடு மாணாக்கருக்குக் கூறுக.

2. பெற்றுக்கொண்ட பொருளை அன்று மாலையே திருப்பிக் கொடுக்க. அது குழந்தையின் உடைமை.

3. அமைதியின்றித் தவிக்கும் பிள்ளைக்குப் பார்வையை ஈர்க்காத கைவேலை ஒன்றை அளித்துப் பார்க்க. கரும்பலகை துடைத்தல், ஏடுகளை வழங்குதல் போன்ற எழுந்து நடக்கும் பணிகளும் பயன் தரும்.

4. பயனைத் தோற்றத்தால் முடிவு செய்யற்க. இரண்டு வாரங்களுக்கு, ஒருநாள் பொருளோடும் மறுநாள் பொருளின்றியும் பாடம் கேட்கச் செய்து, ஒவ்வொரு நாளும் பாட முடிவில் பத்துச் சிறு வினாக்கள் கேட்டு மதிப்பெண்ணைக் குறிக்க. மதிப்பெண் உயர்ந்தால் பொருள் தொடரட்டும், இல்லையேல் விலக்கப்படட்டும்.

5. ‘கவனத்தை வளர்க்கும்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பொருள் வாங்க எண்ணும் பெற்றோருக்கு, ஆராய்ச்சி அவ்வாறு காட்டவில்லை என்பதைப் பணிவோடு எடுத்துரைக்க. பிள்ளையின் கவனக் குறைவு நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புக. பொம்மைக் கடைக்கு அன்று.

6. வாரத்தில் ஒரு வேளையேனும் பிள்ளைகள் தம் பொம்மைகளைக் கொண்டு வந்து, அவை இயங்கும் விதத்தை விளக்க இடம் தருக.

தடை என்பது எளிய கருவி. ஆகவே அடிக்கடி கைக்கு வருகின்றது. எந்தப் பொருளை, எந்த வேளையில், எந்தக் குழந்தையிடமிருந்து விலக்குவது என்று பகுத்தறிவது கடினம். அதற்கு ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே நோக்கும் கண் வேண்டும். அந்தக் கண் ஆசிரியரிடமே உள்ளது. எந்தச் சுற்றறிக்கையும் அதற்கு ஈடாகாது.