ஸ்டியரிங் ஏன் ஊளையிடுகிறது?

"ஒடிங்க சார், இன்னும் ஒடிங்க" என்று பார்க்கிங் காவலாளி கையாட்ட, பழைய கார் ஒன்று மெல்லத் திரும்புகிறது. பானெட்டுக்குள்ளிருந்து 'உய்ய்ங்' என்று ஓர் ஊளை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பம்ப் போயிடுச்சு சார், மாத்தணும்." போயிருக்கலாம்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் ஒரு சின்ன ரப்பர் வளையத்தைச் சந்தேகிக்க இயற்பியலில் காரணம் இருக்கிறது.

இப்போதைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் மின்மோட்டார். குவாலிஸ், முதல் இன்னோவா போன்ற வண்டிகளில் அந்த வேலை ஆயிலுடையது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் பியர்ஸ்-ஆரோ காரில் பொருத்தி ஓட்டிக்காட்டிய முறை இது. பயணிகள் காரில் விற்பனைக்கு வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில்.

இன்ஜின் பெல்ட் பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் ஆயில் டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி, அழுத்தமேற்றி, சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்கு அனுப்புகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அந்த அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 70 மடங்கையும் தாண்டும். அந்தப் பக்கத்து ஹோஸ் கசிந்தால் தரையில் எண்ணெய்த் திட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

வில்லங்கம் உறிஞ்சும் பக்கத்தில்தான். அங்கே அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு. ஆண்டுக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்து இறுகிய ஓ-ரிங் என்ற அந்த ரப்பர் வளையத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால், ஆயில் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவால் இளநீர் குடித்துப் பாருங்கள்: இளநீர் சிந்தாது, வாய்க்குள் காற்றுதான் வரும். தரையில் ஒரு சொட்டும் இல்லாததால் 'லீக் இல்லை' என்று முடிவுகட்டி, பழியைப் பம்ப் மேல் போட்டுவிடுகிறோம்.

கசிவே இல்லாமலும் குமிழி வரும். சாதாரண அழுத்தத்தில் கனிம எண்ணெய் தன் பருமனில் ஏறத்தாழ 9 சதவீதம் காற்றைக் கரைத்து வைத்திருக்கும். டப்பாவுக்குள் இருக்கும் வடிகட்டி வலை அடைபட்டாலோ, குளிரில் ஆயில் தடித்தாலோ உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் மேலும் சரிகிறது. கரைந்திருந்த காற்று வெளியேறும். ஆயிலே ஆவிக்குமிழிகளாகவும் மாறலாம். குமிழிகள் பம்புக்குள் உயர் அழுத்தத்தைச் சந்தித்த கணத்தில் நசுங்குகின்றன. நம் காதில் விழும் ஊளை அதுதான். இப்படிச் சரியும் குமிழி எவ்வளவு அழுத்தத்தை உண்டாக்கும் என்று லார்டு ரேலி 1917-இல் கணக்கிட்டார். அவரை அதற்குத் தூண்டியது அரிக்கப்பட்டுப்போன கப்பல் புரொப்பெல்லர்கள். உலோகத்தையே அரிக்கும் ஆற்றல் என்றால், ஊளையோடு ஓட்டிக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். இன்ஜின் ஓடட்டும், ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பட்டும். கையைப் பெல்ட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். ஆயில் நுரைத்து வெளிறியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்தியதும் மட்டம் 5 மி.மீ.க்கு மேல் உயர்ந்தாலும் அதே பொருள். நசுங்கியிருந்த காற்று விரிகிறது.

எல்லாச் சத்தமும் இந்த வகை அல்ல. 'கீச்' என்றால் பெல்ட் வழுக்குகிறது. அதன் மேல் சிறிது தண்ணீர் தெளித்தால் சத்தம் சட்டென்று மாறும். முழுக்க ஒடித்ததும் வரும் 'உஸ்' பம்பின் பாதுகாப்பு வால்வுடையது, இயல்பானது. சில நொடிகளுக்கு மேல் அப்படியே பிடித்திருக்காதீர்கள், ஆயில் சூடேறிவிடும். 'கடக் கடக்' என்றால் பால் ஜாயிண்ட், ரேக் பக்கம் பாருங்கள்.

ஓ-ரிங்கையும் ஹோஸ் கிளாம்பையும் சரிசெய்த பிறகு உரிய ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். பழைய டொயோட்டாக்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏ.டி.எஃப். ஆயிலை ஏற்கும், ஹோண்டா தனக்கென்று தனி ஆயில் கேட்கும். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். அடுத்து முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, இன்ஜினை ஓட்டாமல், ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகப் பலமுறை திருப்பினால் குமிழிகள் டப்பாவுக்கு ஏறி வெளியேறும். மட்டம் குறையக் குறைய ஆயிலை நிரப்புங்கள்.

இதற்குப் பின், ஆயில் நுரையின்றித் தெளிந்தும் ஊளை நிற்கவில்லையென்றால் பம்பின் உள் தகடுகள் தேய்ந்திருக்கின்றன. அப்போது மாற்றுங்கள். ஆனால் உலோகத்தூள் கலந்த பழைய ஆயிலை முழுக்க வடித்துக் கழுவிய பிறகே புதுப் பம்பைப் பூட்டச் சொல்லுங்கள்.