ஒட்டின கிண்ணத்தை லேத்துல எப்படிப் பிடிக்கிறது?

போன எபிசோட்ல மரத்துண்டுகளை வெட்டி வளையமா ஒட்டுறது வரைக்கும் பேசினோம். 12 துண்டு, ஒவ்வொரு முனையும் 15 டிகிரி. மொத்தம் 24 வெட்டு. ஒவ்வொண்ணுலயும் அரை டிகிரி தப்பினா கடைசியில 12 டிகிரி சந்து நிக்கும். அதைச் சரிபண்ணியாச்சுன்னே வச்சுக்கோங்க. இனிமேதான் சிக்கல்.

என் முதல் கிண்ணம் லேத்துலயே பிரிஞ்சு போச்சு. பலா மரம், தஞ்சாவூர்ல வீணைக் குடம் குடையிற அதே மரம். நாலு தாடை உள்ள சக்கை அடி வளையத்துக்குள்ள விட்டு, வெளிப்பக்கமா விரிச்சு இறுக்கியிருந்தேன். பாதிக் கடைசல்ல 'டப்'னு ஒரு சத்தம். ரெண்டு துண்டு பறந்து சுவத்துல அடிச்சுது. கிண்ணம் சுத்துற நேருக்கு நிக்காம ஒதுங்கி நின்னதால தப்பிச்சேன்.

தப்பு என்னோடதுதான். பசை ஒட்டு, அமுக்கினா தாங்கும், பிரிச்சா தாங்காது. விரியிற தாடை 12 ஒட்டையும் ஒரே நேரத்துல திறக்கப் பார்க்குது. அதுவும் துண்டோட வெட்டு முனை பசையைக் குடிச்சிடும், அதனால அங்க பிடிப்பு எப்பவுமே கொஞ்சம் கம்மி. சக்லதான் பிடிக்கணும்னா, அடியில ஒரு குமிழ் மாதிரி கடைஞ்சுவிட்டு, தாடை அதை வெளியில இருந்து உள்ள அழுத்துற மாதிரி பிடிங்க.

நான் இப்போ சக்கை விட்டுட்டேன். ஃபேஸ்பிளேட்தான். ஒரு கழிவுக் கட்டையில ஃபேஸ்பிளேட்டை ஸ்க்ரூ போட்டு, கட்டையோட முகத்தைச் சமமாக் கடைஞ்சு, அதுமேல கிண்ணத்தோட அடியை ஒட்டிடுவேன். ஸ்க்ரூ கட்டைக்குள்ளயே நின்னுடணும், கிண்ணத்தைத் தொடக்கூடாது. ஃபெவிகாலை ஒரு ராத்திரி காயவிடுங்க. வெளிப்பக்கம் கடையும்போது டெயில்ஸ்டாக்கையும் அண்டக் கொடுங்க.

அடிப்பலகை பத்தி ஒரு விஷயம். வளையத்துல மரத்தோட நார் சுத்திப் போகும், அதனால வளையம் பெருசா அசையாது. அடியில முழுப் பலகை வச்சா அது நாருக்குக் குறுக்கே விரியும். நம்ம டெல்டாவுல ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஈரத்துல அது ஊதி, சுத்தியிருக்கிற வளையத்தைப் பிளந்துடும். அடியைச் சின்னதா வைங்க, இல்ல அதையும் துண்டு சேர்த்தே பண்ணுங்க.

இந்த மர அசைவு இங்க உள்ளவங்களுக்குப் புதுசு இல்ல. ஒரே மரத்துல குடைஞ்ச ஏகாண்ட வீணைக்குத் தனி மவுசு. குடம், தண்டி, யாளி தனித்தனியா செஞ்சு சேர்த்தா ஒட்டு வீணை. 2022-ல புவிசார் குறியீடு வாங்கின நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு, இடிச்ச பழைய வீடுகள்ல இருந்து வர்ற ஆச்சா மரத்தைத் தேடுறாங்க. பல வருஷம் காய்ஞ்சு அடங்கின மரம். நம்ம கிண்ணம் ஒட்டு வீணைப் பக்கம்தான், ஆனா துண்டு போடுற மரம் நாகஸ்வரத்துக்குத் தேடுற மாதிரி காய்ஞ்சிருக்கணும்.

கடைசியா, கட்டையை வெட்டி எடுத்துட்டு அடியைச் சீர்பண்ண கிண்ணத்தைக் கவுத்துப் பிடிக்கணும். வேக்குவம் சக் அழகா இருக்கும். ஆனா ஒட்டுல மயிரிழை சந்து இருந்தாலும் காத்து கசியும், ஓடும்போது கரண்ட் போனா பிடியும் போயிடும். எங்க ஏரியாவுல கரண்ட்டை நம்பி அதை வாங்க நான் தயாரா இல்ல. ஒரு பலகையில கிண்ணத்தோட வாய் அளவுக்குப் பள்ளம் கடைஞ்சு, வாயை அதுல அழுத்தி உட்கார வச்சு, டெயில்ஸ்டாக்கால முட்டுக் கொடுக்கிறேன். நடுவுல மிஞ்சுற சின்னக் குமிழை உளியால சீவி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போதும்.