வயிற்றுக் கிருமி காட்டும் வழித்தடம்

ஓர் இனத்தவரின் பூர்வீகத்தை அவர்கள் உடலில் தலைமுறைதோறும் குடியிருக்கும் கிருமியின் மரபணுவைக் கொண்டு கண்டறியும் முயற்சிக்கு ஐனு மக்கள் பற்றிய ஆய்வு நல்ல சான்றாகும். ஜப்பானின் வடகோடியில் வாழும் ஐனுக்களிடமும் தென்கோடி ரியூக்கியூத் தீவினரிடமும், தாய்ப்பால் வழியே பிள்ளைக்குத் தொற்றும் எச்.டி.எல்.வி-1 என்னும் வைரஸ் மிகுந்தும், இடைப்பட்ட நிலத்தின் பெரும்பகுதியில் குறைந்தும் காணப்பட்டதால், இவ்விரு சாராரும் நெல் வேளாண் குடிகள் வந்தேறுமுன் அங்கு வாழ்ந்த ஜோமோன் மக்களின் வழிவந்தோர் என்னும் கருத்து வலுப்பெற்றது.

தமிழர் உள்ளிட்ட மலேசிய இந்தியருக்கு இதையொத்த சான்று வைரஸிலன்று, பாக்டீரியாவில் கிடைத்துள்ளது. இரைப்பையின் உட்சுவரில் வாழ்ந்து புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரியை 1982இல் பெர்த் நகரில் கண்டறிந்த ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டாரிடமிருந்தே தொற்றுவதால், இக்கிருமி குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் செல்கிறது. தெமியாங் வட்டாரம் உள்ளிட்ட நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களுக்கு 1938 வரை கங்காணிகள் ஆள்கட்டி அழைத்துவந்த குடும்பங்களோடும் அது கடல் கடந்திருக்க வேண்டும். ஒரே அறையில் குடும்பமே படுத்துறங்கிய லயத்து வீடுகளும், பால்வெட்டுக்குச் செல்லும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்சென்ற ஆயாக் கொட்டகைகளும் அது பரவ ஏற்ற இடங்களாகவே இருந்தன.

மலேசிய நோயாளிகளின் கிருமிகளில் ஏழு மரபணுக்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், சீனரிடம் கிழக்காசிய வகையும் இந்தியரிடம் பெரும்பாலும் இந்தியக் கிளைவகையும் காணப்பட்டன. இதுவரை வியப்பில்லை. ஆனால், இக்கிருமி பொதுவாகக் குறைவாகவே உள்ள மலாய்க்காரர்களிடமும் அதே இந்தியக் கிளைவகையே மிகுந்திருந்தது. அவர்கள் அண்மைக் காலத்தில் இந்தியரிடமிருந்தே அதைப் பெற்றனர் என்று ஆய்வாளர் முடிவுசெய்தனர். ஆகவே கிருமியை மட்டும் நம்பி ஒருவரின் பூட்டன் யார் என்று தீர்ப்பது, மலாய்க்காரரைத் தமிழராக்கும் விபரீதத்தில் முடியும். கிருமி வம்சத்தைக் காட்டுவது போலவே அக்கம்பக்கத்தையும் காட்டுகிறது. ஐனு ஆய்வை மனித மரபணுவோடும் தொல்லியலோடும் சேர்த்தே படிக்க வேண்டியதும் இதனால்தான்.

மலேசியாவின் மூன்று பெரும் இனத்தவரில் இக்கிருமி இந்தியரிடமே அதிகம். அதை 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணி என வகைப்படுத்தியது. ஆதலால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர் நாள்பட்ட வயிற்றெரிச்சலை வாயுத்தொல்லை என்று ஒதுக்காமல், எளிய மூச்சுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.