பதிப்பு மாறலாம், எண் மாறக் கூடாது

1990-களின் தொடக்கத்தில் கொரிய மொழியில் யுனிகோடு முறைப்படி சேமித்த கோப்பு ஏதேனும் கிடைத்து, அதை இன்றைய கணினியில் திறந்தால், கொரிய எழுத்துகளுக்குப் பதிலாக அபூர்வமான சீன எழுத்துகள் தெரியும். கோப்பில் ஒரு பழுதும் இருக்காது. அதற்கு ஆதாரமான தர ஆவணம்தான் இடையில் மாறிவிட்டது.

கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். 'அ' என்றால் 2949, 'ஃ' என்றால் 2947 என்று உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்குவது யுனிகோடு தரநிலை. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழும் இருந்தது. கொரியனுக்கு ஆரம்பத்தில் ஒதுக்கிய இடம் போதவில்லை. 1996-இல் வெளியான 2.0 பதிப்பில் 11,172 கொரிய அசையெழுத்துகளும் வேறோர் இடத்தில் வரிசையாக வைக்கப்பட்டன. காலியான பழைய இடத்தைப் பிறகு சீன எழுத்துகள் நிரப்பின. 'கொரியக் குழப்பம்' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு யுனிகோடு ஒரு வாக்குறுதி தந்தது: ஒருமுறை எண் பெற்ற எழுத்து இனி இடம் மாறாது, நீக்கப்படாது, அதன் அதிகாரப்பூர்வப் பெயரும் மாறாது. புதியவை சேரலாம், இருப்பவை அசையா.

இந்த உறுதி இருப்பதால்தான் யுனிகோடு அடிக்கடி புதுப்பிக்கப்பட முடிகிறது. 2014 முதல் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு பதிப்பு வருகிறது. 2024 செப்டம்பரில் வந்த 16.0 மட்டும் 5,185 எழுத்துகளைச் சேர்த்தது. பதிப்பு எண்ணில் முதல் பகுதி பெரிய மாற்றத்தையும், இரண்டாவது சிறிய சேர்க்கையையும், மூன்றாவது சில்லறைத் திருத்தத்தையும் குறிக்கும்.

தமிழுக்கு இது எப்படிப் பயன்பட்டது? தமிழ்ப் பகுதிக்கு 128 இடங்கள் ஒதுக்கியபோது, மற்ற இந்திய மொழிகளின் வரிசைக்கு இணையாக இருக்க வேண்டுமென்று பல இடங்கள் காலியாக விடப்பட்டன. 2005-இல் வந்த 4.1 பதிப்பு, அப்படிக் காலியாக இருந்த 2998-ஆம் எண்ணில் 'ஶ' எழுத்தைச் சேர்த்தது. தமிழ்ச் சுழியமும் அதே பதிப்பில் வந்தது. 'ௐ' 2008-இல் 5.1 பதிப்பில் சேர்ந்தது. பழங்காலப் பின்னங்கள், அளவைக் குறியீடுகள் என 51 குறிகள் 2019-இல் 12.0 பதிப்பில் இடம்பெற்றன. இத்தனை சேர்க்கைக்குப் பிறகும் பழைய தமிழ்க் கோப்பில் ஓர் எழுத்துகூடக் கலையவில்லை.

வாக்குறுதிக்கு ஒரு விலையும் உண்டு. ஆய்த எழுத்துக்கு யுனிகோடு அட்டவணையில் 'விசர்க்கம்' என்று தவறாகப் பெயர் பதிவாகியிருக்கிறது. அதைத் திருத்த வழியில்லை. பக்கத்தில் 'ஆய்தம்' என்று குறிப்பு மட்டுமே எழுதியிருக்கிறார்கள். 4.1 பதிப்பிலேயே ஓர் அடைப்புக்குறியின் ஆங்கிலப் பெயரில் இரண்டு எழுத்துகள் முன்பின்னாக விழுந்துவிட்டன. அந்த அச்சுப்பிழையும் அப்படியே நிற்கிறது; சரியான பெயர் மாற்றுப்பெயராகத் தனியே பதிவாகியுள்ளது. பெயரை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் உடைந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

யுனிகோடின் இணைப்பு அறிக்கைகளின் தலைப்பகுதியைப் பார்த்தால், மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஒழுங்கு புரியும். இந்தப் பதிப்பு, முந்தைய பதிப்பு, ஆகக் கடைசிப் பதிப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி முகவரி, கூடவே திருத்த எண், தேதி. கடைசியில், சென்ற முறையிலிருந்து என்னென்ன மாறின என்ற பட்டியல். வரைவு நிலையில் மாறிய வரிகளை மஞ்சள் நிறத்தில் காட்டி, பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள்.

இணைய நெறிமுறைகளுக்கான ஆர்.எஃப்.சி. ஆவணங்கள் இன்னும் கறார். வெளியான ஆவணத்தில் ஒரு காற்புள்ளியும் மாறாது. திருத்தம் தேவையென்றால் புது எண்ணில் புது ஆவணம் வரும். இணையத்தின் ஆதாரமான டிசிபி நெறிமுறையை வரையறுத்த ஆர்.எஃப்.சி. 793, 1981-இல் வந்தது. இடையில் பல ஆவணங்களில் சிதறியிருந்த திருத்தங்களையெல்லாம் தொகுத்து, 2022-இல் ஆர்.எஃப்.சி. 9293 அதன் இடத்தைப் பிடித்தது. பழையதை இன்றும் படிக்கலாம். அது காலாவதியான செய்தியும், புதியதன் எண்ணும் அதற்கான இணையத் தகவல் பக்கத்தில் இருக்கும்.

ஓர் எழுத்துருவில் அடித்தது இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்த காலத்தைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டோம். பொதுவான ஒரு தரமும், அதைக் காக்கும் ஒழுங்கும் இல்லாததன் விளைவு அது. ஆகவே கட்டட வரைபடமோ, மருந்துக் கையேடோ, மென்பொருள் விவரக்குறிப்போ, பிறர் நம்பிப் பின்பற்றும் ஆவணத்தை எழுதுகிறவர்கள் மூன்றைத் தவறாமல் குறியுங்கள்: பதிப்பு எண், தேதி, என்ன மாறியது. எதை மாற்றப் போவதில்லை என்பதையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.