இறக்கையில் பனிக்கட்டி! சின்ன விமானம் தப்புவது எப்படி?

மேகத்துக்குள் ஒரு சின்ன விமானம் பறந்து கொண்டு இருக்கிறது. 4 பேர் உட்காரும் விமானம். ஒரே ஒரு என்ஜின். வெளியே எங்கும் வெள்ளை. மேல் எது, கீழ் எது என்றே தெரியவில்லை. கருவிகளின் முள்ளைப் பார்த்துத்தான் விமானி ஓட்டுகிறார்.

திடீரென்று கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு! விமானி இறக்கையைப் பார்க்கிறார். அதன் முன் ஓரத்திலும் வெள்ளை படிந்து இருக்கிறது.

பனிக்கட்டி!

அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களில் குளிர்காலத்தில் பறக்கும் விமானிகளுக்கு இது பழைய எதிரி.

உறையாத தண்ணீர்

0 டிகிரியில் தண்ணீர் உறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்து இருக்கிறோம். ஆனால் மேகத்தில் உள்ள சின்னஞ்சிறு துளிகள், 0 டிகிரிக்குக் கீழே 10, 15 டிகிரி போனாலும் உறையாமல் தண்ணீராகவே மிதக்கும். குளிர்பெட்டியில் வைத்து மறந்து போன தண்ணீர் பாட்டிலை எடுத்து லேசாகத் தட்டினால், சில சமயம் கண் எதிரே கட்டியாகிவிடும் அல்லவா? அதே கதைதான். விமானம் வந்து மோதியதும் துளிகள் இறக்கையிலேயே உறைந்து ஒட்டிக் கொள்கின்றன.

பனிக்கட்டியின் பாரம்தான் விமானத்தைக் கீழே தள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். பாரம் அவ்வளவு பெரிய ஆபத்து அல்ல. இறக்கையின் வடிவம் கெடுவதுதான் ஆபத்து! தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாள் இருக்கிறதே, அந்த அளவு சொரசொரப்பு இறக்கையின் முன் ஓரத்திலும் மேல்புறத்திலும் படிந்தால் போதும். விமானத்தைத் தூக்கி நிறுத்தும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு வரை போய்விடும். காற்றின் தடையோ நூற்றுக்கு 40 பங்கு வரை கூடிவிடும்.

ஊதும் ரப்பர், கசியும் இறக்கை

இதற்கு முதலில் வழி கண்டவர்களில் ஒருவர் வில்லியம் கீர் என்ற அமெரிக்க ரப்பர் நிபுணர். அப்போது தபால் விமானங்கள் பனிக்கட்டியால் அவதிப்பட்டுக் கொண்டு இருந்தன. இறக்கையின் முன் ஓரத்தில் ரப்பர் பட்டையை ஒட்டி, அதற்குள் காற்றை அடித்தால் என்ன என்று அவர் யோசித்தார். சைக்கிள் டியூப் போல பட்டை உப்பும். மேலே படிந்த பனிக்கட்டி விரிசல் விட்டு உடையும். எதிர்க்காற்று அதை அடித்துக் கொண்டு போய்விடும். 1930-ம் ஆண்டுகளில் பெரிய விமானங்களுக்கும் இது வந்தது. இன்றும் பல விமானங்களில் இருக்கிறது.

இன்னொரு முறை இரண்டாம் உலகப் போர் காலத்தில் இங்கிலாந்தில் பிறந்தது. இதில் இறக்கையே வியர்க்கும்! இப்போது உள்ள விமானங்களில், இறக்கையின் முன் ஓரத்தில் டைட்டானியத் தகடு இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள். அவற்றின் வழியாக கிளைக்கால் என்ற திரவம் கசிந்து பரவும். கார் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்களே, அந்த ரகம்தான். பனிக்கட்டி ஒட்டவே ஒட்டாது. ஆனால் தொட்டியில் திரவம் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது!

ஒரு சுவிட்ச்; 3 உயிர்

இறக்கையைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. சின்ன விமானங்களில் இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக் கொண்டு இருக்கும். அதில் புகும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டுதான் வேகம் காட்டும் முள் நகருகிறது. குழாய் அடைத்தால் முள் பொய் சொல்லும். அதனால் குழாயை மின்சாரத்தால் சூடாக்குவார்கள்.

1974-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, நியூயார்க்கில் இருந்து ஒரு போயிங் 727 விமானம் பயணிகள் இல்லாமல் கிளம்பியது. குழாயைச் சூடாக்கும் சுவிட்சைப் போடவில்லை. மேலே ஏற ஏற, வேகம் கூடுவதாக முள் காட்டியது. விமானிகள் அதை நம்பி மூக்கைத் தூக்கினார்கள். உண்மையில் வேகம் குறைந்து கொண்டே இருந்தது! விமானம் சுழன்று விழுந்தது. உள்ளே இருந்த 3 பேரும் மாண்டார்கள். அவ்வளவு பெரிய விமானத்துக்கே அந்தக் கதி என்றால், சின்ன விமானம் எம்மாத்திரம்?

இன்னும் பல தேவை. சுழலும் முன்விசிறிக்குச் சூடு அல்லது திரவம். என்ஜின் மூச்சு விட மாற்று வழி. மின்சாரம் நின்றால் கைகொடுக்க இரண்டாவது ஏற்பாடு. இரவில் இறக்கையைப் பார்க்க ஒரு விளக்கு. இத்தனையும் சோதித்த பிறகே, பனிக்கட்டி மேகத்தில் பறக்க அனுமதி தருகிறார்கள். சிரஸ் எஸ்.ஆர். 22 என்ற ஒற்றை என்ஜின் விமானம் 2009-ல் அந்த அனுமதியைப் பெற்றது. பார்வைக்கு அதைப்போலவே திரவம் கசியும் வேறு சில விமானங்களும் உண்டு. அனுமதி இல்லை! அவற்றில் உள்ள சாதனம், தெரியாமல் மாட்டிக் கொண்டால் தப்பி ஓடுவதற்கு மட்டும்.

68 பேர் பலி

சரி, அனுமதி பெற்ற விமானம் எவ்வளவு நேரமும் அதில் பறக்கலாமா? கூடாது.

1994-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி ஏ.டி.ஆர். 72 விமானம் ஒன்று 68 பேருடன் சிகாகோ நகருக்குப் பறந்தது. இறங்க முறை வராததால் வட்டமிட்டுக் கொண்டு இருந்தது. ரப்பர் பட்டை எல்லாம் இருந்த விமானம்தான். ஆனால் அன்று மேகத்தில் இருந்தவை பெரிய துளிகள். அவை பட்டையைத் தாண்டி ஓடி, அதற்குப் பின்னால் வரப்பு போல உறைந்தன. விமானம் திடீரென்று புரண்டது. இந்தியானா மாநிலத்தில் ஒரு வயலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. பிறகு அந்த ரக விமானங்களில் பட்டையை அகலமாக்கினார்கள்.

ஆகவே, வெள்ளைக் கோட்டைக் கண்டதும் விமானி செய்ய வேண்டியது, வெளியேறுவது. மேகத்துக்கு மேலே ஏறலாம். உறையாத உயரத்துக்கு இறங்கலாம். வந்த வழியே திரும்பலாம். சின்ன என்ஜினுக்கு, பனிக்கட்டி படிந்த பிறகு ஏறும் பலம் இராது. அதனால் உடனே முடிவு செய்ய வேண்டும். தானாக ஓட்டும் கருவியை நிறுத்திவிட்டு, கையால் ஓட்டச் சொல்கிறார்கள். விமானம் தடுமாறத் தொடங்குவது கைக்குத்தான் முதலில் தெரியும்.

இறங்கும்போது வழக்கத்தைவிட வேகமாக வர வேண்டும். முன் கண்ணாடி முழுவதும் உறைந்து இருக்கும். சில விமானங்களில் அதன்மேல் திரவம் பீய்ச்சுவார்கள். சிலவற்றில் விமானிக்கு நேர் எதிரே சிறு பலகை போல் ஒரு கண்ணாடியை மட்டும் மின்சாரம் சூடாக்கும். சுற்றிலும் வெள்ளை, நடுவில் அந்தச் சின்ன ஜன்னல். அதன் வழியாகத்தான் ஓடுபாதையின் விளக்குகள் தெரியும்.