80 விழுக்காட்டில் நாம் இல்லை

கிள்ளானில் ஒரு கோயில் நிர்வாகமோ, பிரிக்பீல்ட்சில் ஒரு பூக்கடையோ, பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ்க் கழகமோ இணையத்தளம் தொடங்க நினைத்தால், பலரும் முதலில் சொல்லும் பெயர் வேர்ட்பிரஸ். 2003இல் வெளிவந்த இந்தத் திறந்த மூல மென்பொருள் இலவசம். இதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

ஆனால், கேட்பதையெல்லாம் அதற்குள் சேர்த்துவிட முடியாது. பொதுவான வசதிகள் ‘கோர்’ எனப்படும் மையப் பகுதியில் இருக்கும். மற்றவை ‘பிளகின்’ எனப்படும் செருகுநிரல்களாகத் தனியே கிடைக்கும். எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு வேர்ட்பிரஸ் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: பயனர்களில் 80 விழுக்காட்டினராவது விரும்பிப் பயன்படுத்தும் வசதிதான் மையத்தில் இடம்பெற வேண்டும்.

இதில் நியாயம் உண்டு. மையத்தில் சேரும் ஒவ்வொரு வசதியையும் பல்லாண்டு பராமரிக்க வேண்டும். சுமை கூடினால் மென்பொருள் மந்தமாகும். இந்த எல்லைக்கோடு நிலையானதும் அல்ல. செருகுநிரலாகத் தொடங்கிய ‘விட்ஜெட்’ வசதி 2007இல் மையத்துக்குள் வந்தது. மையத்தில் இருந்த இணைப்புப் பட்டியல் வசதி, 2012 முதல் புதிய தளங்களுக்குச் செருகுநிரலாக ஒதுக்கப்பட்டது.

என் கேள்வி வேறு. மலேசிய மக்களில் இந்தியர் ஏறக்குறைய 7 விழுக்காடு. உலக அளவில் தமிழரின் பங்கு இன்னும் சிறியது. 80 விழுக்காடு என்ற கணக்கில் தமிழ் எந்நாளும் தேறாது. அப்படியென்றால் நம் தேவைகள் எல்லாம் செருகுநிரல்தானா?

ஓர் எடுத்துக்காட்டு. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலிருந்தும் இணைய முகவரியை உருவாக்குகிறது. அதற்கு மையத்தில் 200 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியாக மாறும்போது 9 இடங்களைப் பிடிக்கிறது. புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறிகளே. ஆக, 22 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். ‘பிரிக்பீல்ட்ஸ் தீபாவளிச் சந்தை’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘பிரிக்பீல்ட்ஸ்-தீபாவளிச’ என்று நின்றுவிடும். சந்தை காணாமல் போகும். ‘ச்’ தன் புள்ளியை இழக்கும். இதையே மலாயில் எழுதினால் முழுத் தலைப்பும் எளிதாக அடங்கும்.

தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்துக்கு மாற்றும் செருகுநிரலைப் பொருத்தலாம். அது வெட்டுப்படுவதைத் தவிர்க்கும், ஆனால் முகவரியில் தமிழ் இருக்காது. குறை மையத்தில் இருக்கும்போது செருகுநிரல் ஒட்டுப்போட மட்டுமே உதவும்.

எனவே நான் கோடு கிழிக்கும் இடம் இது: தமிழ் நாள்காட்டி, குறள் பெட்டி போன்றவை செருகுநிரலாகவே இருக்கட்டும். எந்த மொழியையும் சிதைக்காமல் ஏற்கும் திறன் மட்டும் மையத்தில் இருக்க வேண்டும். அதைத் தலை எண்ணி முடிவு செய்யக்கூடாது.

இதற்கு நம் நாட்டிலேயே முன்னோடி உண்டு. 1985இல் மலேசியரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். ஒரு காலத்தில் தனியே நிறுவ வேண்டியிருந்த அவருடைய அஞ்சல் விசைமுறை, இன்று ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் உடன் வருகிறது. வெளியே இருந்த தமிழ் உள்ளே போனது, ஒருவர் விடாமல் உழைத்ததால்.

திறந்த மூல மென்பொருளில் குறையைப் பதிவு செய்யவும், திருத்தம் அனுப்பவும், மொழிபெயர்க்கவும் யாருடைய சிபாரிசும் தேவையில்லை. கணினி படிக்கும் தமிழ் மாணவர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு குறையையாவது எடுத்துப் பாருங்கள்.