வட ஆற்காடு என்றால் எந்த ஊர்?

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டத் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் பற்றி மிஞ்சியிருப்பது "வட ஆற்காடு", "சேலம் பக்கம்" என்று பாட்டி சொன்ன ஒரு சொல்தான். அதை நம்பிச் சென்னையில் இறங்கினால் வரைபடமே காலை வாருகிறது. 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. மிச்சமிருந்த வேலூரும் 2019-இல் மூன்றானது. தென் ஆற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்றாயிற்று. குறைந்தது தாலுகா பெயராவது கையில் இருக்க வேண்டும்.

பதிவேடுகளில் கிடைக்காதா? கெடா 1909-இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் பிடிக்கு வந்தபின் பால்மரத் (ரப்பர்) தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்த பெயரை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். நமக்கோ குடும்பப் பெயர் வழக்கமில்லை. அண்ணன் தம்பி சூராட் பிரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) ஒரே அப்பா இரண்டு எழுத்துக்கூட்டலில் இருப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவு) புத்தகங்கள் போன இடம் தெரியவில்லை.

ஆனால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் பிடித்தார். அதனால் பாட்டி மறந்த ஊர், அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருந்த வேறொரு குடும்பத்துக்கு நினைவிருக்கலாம். அந்தக் குடும்பம் இன்று பீடோங்கிலோ பாடாங் செராயிலோ ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும். டிக்கெட் எடுக்குமுன் அங்கே போய் ஒரு தேநீர் குடியுங்கள். அலமாரியின் அடியில் பழைய வான்கடிதம் இருந்தால் இன்னும் நல்லது. அனுப்பியவர் முகவரியில் "அஞ்சல்", "வழி" என்று எழுதியிருப்பதே போதும், ஊர் ஏறக்குறைய கிடைத்தாயிற்று. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாததால் வேலை பெர்மிட் கிடைக்காமல் ஊர் திரும்பியவர்கள் எழுதிய கடிதமாக இருந்தால், அங்கே மலாயாவை அறிந்த வீடு ஒன்று காத்திருக்கக்கூடும்.

(மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் இடிபாடுகளைக் காட்டி "நாம் ராஜேந்திர சோழன் காலத்திலேயே கடாரம் (கெடா) வந்தவர்கள்" என்பார்கள். பெருமை சரி. பாட்டி வந்தது கங்காணியோடு.)

கிராமத்தில் எதிர்பாராமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "எந்தத் தெரு?" அது சாதியைக் கேட்கிறது என்பது சுங்கை பட்டாணியில் வளர்ந்த பேரனுக்குச் சட்டென்று பிடிபடாது. கப்பலேறியவர்களில் கணிசமானோர் சேரியிலிருந்து போனவர்கள். பாட்டி ஊரைச் சொல்லாமல் விட்டது எல்லா வீட்டிலும் மறதியால்தான் என்று நான் நினைக்கவில்லை.

கையில் இருக்க வேண்டிய இன்னொரு பெயர் குலதெய்வம். மாரியம்மன் என்று மட்டும் சொன்னால் தமிழ்நாடு முழுக்க அலைய வேண்டும். எந்த ஊர் மாரி, எந்த ஏரிக்கரை முனி என்று கேட்டு வையுங்கள். குலதெய்வம் அப்பா வழியில் வருவது. அம்மா வழிக்குத் தனியாக விசாரிக்க வேண்டும். தெற்கே பல ஊர்களில் மாசி சிவராத்திரிக்கும், வடக்கே ஆடியிலும் பங்காளிகள் அந்தக் கோயிலில் கூடுவார்கள். பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொண்டால், பொங்கல் பானைக்குப் பக்கத்திலேயே மொத்த வகையறாவையும் பார்த்துவிடலாம்.